முகச் சிவப்புக்கு பிரிமோனிடினா, அசெலாயிக் ஆசிட்டா: திருநெல்வேலி வெயிலில் எது தாங்கும்?

ரோசேசியாவுக்கு (முகம் அடிக்கடி சிவந்து, பரு போலவும் கிளம்பும் நாள்பட்ட தோல் நோய்) டாக்டர் எழுதித் தந்த இந்த இரண்டு ஜெல்லையும் போட்டுப் பார்த்தாயிற்று, இப்போது என்னிடம் இருப்பது அசெலாயிக் ஆசிட் மட்டும்தான். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

பிரிமோனிடின் 0.33 சதவீத ஜெல் பூசினால் அரை மணி நேரத்தில் ரத்தக் குழாய்கள் சுருங்கி சிவப்பு அடங்க ஆரம்பிக்கும், 12 மணி நேரம் வரை நிற்கும். கல்யாண வீடு, இன்டர்வியூ மாதிரி ஒரு நாள் காரியத்துக்கு இதுதான் சரி.

ஆனால் தினமும் போடுகிறவர்கள் பார்க்க வேண்டியது, மருந்தின் வேலை முடிந்த பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான். உடம்பு சாப்பாட்டை எரித்துச் சக்தியாக்கும்போது வெப்பமும் உண்டாகிறது, அதை வெளியேற்றத் தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. எல்லாருக்கும் நடப்பதுதான், ரோசேசியா இருந்தால் இது சட்டென்று வரும், லேசில் அடங்காது. கத்திரி வெயிலில் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரை நடந்துவிட்டு ஒரு டீ குடித்தால் போதும் (டீயில் பெரும்பாலும் சூடுதான் வம்பு, சூடு ஆறியதும் குடித்தால் அவ்வளவு ஏறுவதில்லை). தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் முகம் சிவக்கும், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பிரிமோனிடின் குழாயைச் சுருக்குகிறதே தவிர உள்ளே இருக்கும் வெப்பத்தைக் குறைப்பதில்லை, பருக்களுக்கும் அது மருந்தில்லை. அதன் பிடி விட்டதும் சிலருக்கு முன்பைவிட அதிகமாகச் சிவந்துவிடும். எனக்குச் சாயங்காலமானால் அதுதான் நடந்தது, கூடவே எரிச்சலும்.

அசெலாயிக் ஆசிட் 15 சதவீத ஜெல் வேறு வழியில் போகிறது. ரோசேசியா தோலில் கேத்தலிசிடின் என்ற புரதம் அளவுக்கு மீறி இருக்கும், காலிக்ரீன் 5 என்ற நொதி அதை வெட்டி அழற்சியைக் கிளப்பும் துண்டுகளாக்கும். இந்த மருந்து அந்த நொதியையே அடக்குகிறது. காலையும் இரவும் பூச வேண்டும், பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், ஆரம்பத்தில் சுருக்கென்று குத்தும். பொறுத்துக்கொண்டால் பருவும் அதைச் சுற்றிய சிவப்பும் குறைகின்றன, மாநிறத் தோலில் பரு விட்டுப்போன கருந்தழும்பும் மங்குகிறது. ஒரு வேளை பூச மறந்தாலும் முகம் பழிவாங்குவதில்லை, என்னை இதன் பக்கம் கொண்டுவந்தது இந்த ஒன்றுதான். கோதுமையிலும் பார்லியிலும் இயல்பாகவே இருக்கும் அமிலம் இது, பூசியதில் சுமார் 4 சதவீதம்தான் உடம்புக்குள் போகிறது, அதிலும் பெரும்பகுதி மாறாமல் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. பிரிமோனிடினைக் கல்லீரல் உடைத்தாக வேண்டும், பிரஷர் மாத்திரையோ இருதயத் தொந்தரவோ இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கோடு கோடாகத் தெரியும் ரத்தக் குழாய்களுக்கு இரண்டுமே உதவாது, அதற்கு லேசர்தான் என்கிறார்கள், நான் செய்துகொண்டதில்லை. ஐவர்மெக்டின் க்ரீமும் போட்டதில்லை, பரு அதிகம் உள்ளவர்கள் அதையும் கேட்டுப் பாருங்கள். சன்ஸ்கிரீன் எதைப் போட்டாலும் வேண்டும்.

மெடிக்கலில் தாங்களாகவே வாங்கிப் பூசும் பெட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு க்ரீமை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள், முதலில் முகம் தெளிந்த மாதிரி இருக்கும், தொடர்ந்து பூசினால் அதுவே ரோசேசியா போன்ற சிவப்பையும் பருவையும் கொண்டுவரும்.