€, £, ¥ அடிக்க எந்த வழி நல்லது? ஆல்ட் எண், விசைப்பலகை அமைப்பு, காம்போஸ் – ஓர் அலசல்

டாலரைப் பற்றிக் கவலை இல்லை, ஷிஃப்ட்டோடு 4 அழுத்தினால் பெரும்பாலான விசைப்பலகைகளில் வந்துவிடும். யூரோ, பவுண்ட், யென் என்று வரும்போதுதான் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். ஏறக்குறைய எல்லாவற்றையும் மாதக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். தினமும் அடிக்க வேண்டியவர்கள் எண்களை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு விசைப்பலகை அமைப்பையே மாற்றிக்கொள்வதுதான் நல்லது என்பது என் கருத்து.

முதலில் எல்லோரும் சொல்லும் ஆல்ட் எண்கள். விண்டோஸில் ஆல்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு 0128 அடித்தால் €, 0163 அடித்தால் £, 0165 அடித்தால் ¥. எதையும் நிறுவ வேண்டாம், எந்த அமைப்பையும் தொட வேண்டாம், அது பெரிய வசதிதான். ஆனால் எண்களை வலப்பக்கம் தனியாக இருக்கும் எண் பகுதியில்தான் அடிக்க வேண்டும், மேல்வரிசை எண்கள் உதவாது. அந்த எண் பகுதியே இல்லாத மடிக்கணினி என்றால் கதை அங்கேயே முடிந்தது. இன்னொன்று, முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விடக்கூடாது. பூஜ்யம் இருந்தால் விண்டோஸின் குறியீட்டு அட்டவணையிலிருந்து (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியல்) எடுக்கும், இல்லாவிட்டால் விண்டோஸுக்கு முந்தைய பழைய டாஸ் காலத்து அட்டவணைக்குப் போய்விடும். அங்கே 128 என்பது யூரோ இல்லை, அடியில் வால் வைத்த ஆங்கில சி. பவுண்டுக்கு அங்கே 156, யென்னுக்கு 157. போதாததற்கு இந்த எண்கள் எல்லாக் கணினிக்கும் பொதுவும் இல்லை. ரஷ்ய மொழி அட்டவணையில் யூரோவின் இடம் 0136. ஆகவே எப்போதாவது ஒருமுறை அடிப்பவருக்குச் சரி, மற்றபடி நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வேர்டில் மட்டும் ஓர் அழகான வழி உண்டு. யூனிகோட் எண்ணை (உலக மொழிகளின் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் பொதுவாகக் கொடுத்த எண்) அடித்துவிட்டு ஆல்ட்டையும் எக்ஸையும் சேர்த்து அழுத்த வேண்டும். யூரோவுக்கு 20ஏசி (ஏ, சி இரண்டும் ஆங்கில எழுத்துகள்). எண் பகுதி தேவையில்லை, யூனிகோட் எண் தெரிந்தால் எந்த நாட்டு நாணயக் குறியும் வரும். ஒரே ஒரு பொறி: தொகையை ஒட்டி இடைவெளி இல்லாமல் அடிக்கக்கூடாது. 1-க்குப் பக்கத்திலேயே 20ஏசி அடித்தால் வேர்டு அதை 120ஏசி என்று ஒரே எண்ணாக எடுத்துக்கொள்ளும், அந்த எண்ணில் இருப்பது பழைய மெசபடோமியாவின் ஆப்பெழுத்து! 20ஏசியை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு ஆல்ட்+எக்ஸ் அழுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

விண்டோஸ் விசையும் முற்றுப்புள்ளியும் சேர்த்து அழுத்தினால் வரும் எமோஜி பலகையில் குறியீடுகள் பகுதிக்குப் போனால் நாணயங்கள் தனியாகவே இருக்கும். மேக்கில் இதற்குக் கன்ட்ரோல்+கமாண்ட்+ஸ்பேஸ். எதையும் நினைவில் வைக்க வேண்டாம், கண்ணால் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு விலைப்பட்டியலில் நாற்பது இடத்தில் £ போட வேண்டியிருந்தால் கை வலித்துவிடும்.

சரி, இப்போது எனக்குப் பிடித்த இரண்டு.

விண்டோஸ் மொழி அமைப்பில் யுனைடெட் ஸ்டேட்ஸ் இன்டர்நேஷனல் என்ற விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால் வலப்பக்க ஆல்ட்+5 €, வலப்பக்க ஆல்ட்+ஷிஃப்ட்+4 £, வலப்பக்க ஆல்ட்+சிறுகோடு ¥. இரண்டு நாளில் விரலுக்குப் பழகிவிடும், அப்புறம் யோசிக்கவே வேண்டாம். இதற்குக் கொடுக்க வேண்டிய விலை மேற்கோள் குறிகள். ஒற்றை மேற்கோளையோ இரட்டை மேற்கோளையோ அழுத்தினால் உடனே வராது, அடுத்து வரும் எழுத்தின் மேல் ஏறி உட்காரக் காத்திருக்கும், ஸ்பேஸ் தட்டினால்தான் தனியாக வரும். நிரல் எழுதுபவர்களுக்கு இது உண்மையிலேயே எரிச்சல், அவர்களை நான் வற்புறுத்த மாட்டேன். மேக்கில் இந்தச் சிக்கல் கிடையாது: அமெரிக்க அமைப்பிலேயே ஆப்ஷன்+3 £, ஆப்ஷன்+ஷிஃப்ட்+2 €, ஆப்ஷன்+ஒய் ¥. பிரிட்டிஷ் அமைப்பு என்றால் ஷிஃப்ட்+3 £, ஆப்ஷன்+2 €.

லினக்ஸின் காம்போஸ் விசைதான் இருப்பதிலேயே மனிதர்களை நினைத்துச் செய்தது. ஏதாவது ஒரு விசையைக் காம்போஸ் என்று ஒதுக்கிவிட்டு, அதைத் தட்டி, பிறகு குறியை வரைவதுபோல இரண்டு விசைகளைத் தட்டுகிறோம். ஆங்கில ஈ, சமக்குறி என்றால் €. எல், சிறுகோடு என்றால் £. ஒய், சமக்குறி என்றால் ¥. டபிள்யூ, சமக்குறி என்றால் கொரியாவின் ₩. குறியின் உருவமே நினைவூட்டுகிறது, எண்ணும் வேண்டாம், மேற்கோளும் கெடாது. விண்டோஸிலும் வின்காம்போஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் இதே வசதி கிடைக்கும். அலுவலகக் கணினியில் நிறுவ அனுமதி இல்லாதவர்களுக்குத்தான் இது கைகொடுக்காது.

எந்த வழியில் அடித்தாலும், கோப்பு போய்ச் சேரும் இடத்தையும் பார்க்க வேண்டும். ஒருமுறை நான் அனுப்பிய சிஎஸ்வி கோப்பை (அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் வகை) எதிர்த்தரப்பு திறந்தபோது ஒவ்வொரு £ முன்னாலும் தொப்பி போட்ட ஓர் ஏ எழுத்து நின்றது. யூனிகோட் எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் பவுண்டுக்கு இரண்டு பைட், அங்கே அதைப் பழைய விண்டோஸ் அட்டவணைப்படி இரண்டு எழுத்தாகப் படித்துவிட்டது. எக்ஸெலில் சேமிக்கும்போது சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனாலும் பணம் கைமாறும் ஆவணம் என்றால் நான் இப்போதெல்லாம் குறியை விட்டுவிட்டு ஐஎஸ்ஓ 4217 தரத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைத்தான் போடுகிறேன். ¥ என்பதை ஜப்பானின் யென்னுக்கும் போடுகிறார்கள், சீனாவின் யுவானுக்கும் போடுகிறார்கள். ஜேபிஒய், சிஎன்ஒய் என்று எழுதிவிட்டால் எந்தப் பணம் என்று யாரும் திருப்பிக் கேட்க வேண்டியதில்லை.