பல்லாவரம் சந்தையா, போனில் ஆர்டரா? ஒரு வீட்டுக்குச் சாமான் சேர்த்த கணக்கு

தம்பிக்கு வேலை கிடைத்து, சென்னை குரோம்பேட்டையில் ஒற்றைப் படுக்கையறை வீடு பிடித்துக் குடிபோனான். பால் காய்ச்சிய அன்று அந்த வீட்டில் இருந்தவை ஒரு பால் பாத்திரம், ஒரு பாய், ஒரு குத்துவிளக்கு. அம்மா நோட்டில் 43 சாமான்கள் எழுதிக் கொடுத்தார். கையில் 25,000 ரூபாய். எல்லாவற்றையும் போனிலேயே ஆர்டர் போட்டுவிடலாம் என்பது அவன் கட்சி. பழைய சாமான் விற்கும் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையைப் பார்க்காமல் ஒரு ஸ்டூல்கூட வாங்கக் கூடாது என்பது என் கட்சி. கடைசியில் இரண்டு பக்கமும் அலைந்தோம். ஆளுக்குப் பாதி தோற்றோம்.

விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் இந்தக் கணக்கு பிடிபடாது. சந்தையில் பொருளைத் தட்டிப் பார்க்கலாம், ஆட்டிப் பார்க்கலாம். வீட்டுக்கு வந்தபின் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆன்லைனில் திருப்பிக் கொடுக்கலாம்; ஆனால் வந்து சேரும்வரை தொட முடியாது. அதனால் நான் ஒவ்வொரு சாமானுக்கும் கேட்டுக்கொண்டது ஒரே கேள்விதான்: இதில் குறை இருந்தால் என் கண்ணுக்கும் கைக்கும் தெரியுமா?

பீரோவில் தெரியும். சந்தை நடக்கும் பழைய டிரங்க் ரோட்டுக்குக் காலை எட்டு மணிக்கே போய்விட்டோம். வெயில் ஏறிவிட்டால் நல்ல சாமான் போய்விடும், நமக்கும் பேரம் பேசத் தெம்பு இருக்காது. செடி, புறாக்கூண்டு, பழைய டிவி, ஒற்றைச் சக்கரம் இல்லாத சைக்கிள் என்று எல்லாம் கடந்தபின் பீரோக்கள் வரிசையாக நின்றன. கதவை நாலு முறை திறந்து மூடினேன். அடித்தகட்டில் துரு பிடித்திருக்கிறதா என்று கைவிட்டுத் தடவினேன். மேலே புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும் அடியில் யாரும் அடிப்பதில்லை, அங்கேதான் வயது தெரியும். கடைக்காரர் 5,500 என்றார்.

"அண்ணே, கடைசியா ஒரு விலை சொல்லுங்க."

"முதல் போணிம்மா, 4,200 குடு."

3,800க்கு முடிந்தது. குட்டியானை வண்டிக்கு 700, மாடி ஏற்றிய இரண்டு பையன்களுக்கு 300. ஆக 4,800. கடையில் இதே கனத்தில் புதிய பீரோவுக்கு 10,000க்குக் கீழே யாரும் சொல்லவில்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பீரோ மட்டும் வாங்கினால் வண்டிக் கூலியே லாபத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். பாத்திர ஸ்டாண்டு, மடக்கு மேசை, இரண்டு ஸ்டூல் எல்லாம் அதே வண்டியில் ஏறியதால்தான் கட்டுப்படியானது. சந்தைக்குப் போவதென்றால் ஒரு வண்டி நிறைய வாங்கப் போக வேண்டும், அல்லது கையில் தூக்கி வரக்கூடியதை வாங்கப் போக வேண்டும். நடுவில் நின்றால் நஷ்டம்.

கையில் தூக்கி வந்தது இரும்புத் தோசைக்கல். அதைப் பற்றிப் பேச எனக்கு ஆசை அதிகம். புதிய கல்லை வாங்கி, எண்ணெய் தேய்த்து, வெங்காயம் தேய்த்து, முதல் பத்துத் தோசையைக் குப்பையில் போட்டுப் பழக்க வேண்டும். யாரோ ஒரு வீட்டில் இருபது வருஷம் தோசை வார்த்த கல் 250 ரூபாய்க்குக் கிடைத்தது. துரு மேலாக இருந்தது, சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்ததும் போய்விட்டது. தரையில் வைத்து ஆடுகிறதா, விரிசல் இருக்கிறதா, சுண்டினால் மணிபோலச் சத்தம் வருகிறதா, அவ்வளவுதான் சோதனை. ஆன்லைனில் 'பழக்கிய கல்' என்று போட்டு விற்கிறார்கள். விலை நாலு மடங்கு, பழக்கம் பாதிதான்.

எவர்சில்வருக்கு வந்தால் காந்தம் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுவார்கள். ஒட்டாவிட்டால் உயர்ந்த ரகம் என்று ஒரு நம்பிக்கை. பாதிதான் உண்மை. 304 ரகத்தில் காந்தம் சரியாக ஒட்டாது, ஆனால் விலை குறைந்த 202 ரகத்திலும் ஒட்டாது. ஆகவே காந்தத்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்க வேண்டிய பாத்திரம் என்றால் அடியில் காந்தம் ஒட்டியே ஆக வேண்டும், அதற்கு அந்தச் சோதனை நல்லது. மற்றபடி எடைதான் பேச வேண்டும். பாத்திரக் கடையில் கிலோ விலைக்கு வாங்கினேன். ஆன்லைன் படத்தில் பளபளத்த தட்டு, வந்து பார்த்தபோது விரலால் அழுத்தினாலே வளைந்தது.

இனி தம்பியின் கட்சி. அவன் முதலில் வாங்கியது 12 பீஸ் டப்பா செட். வந்தது ஆறு டப்பா, ஆறு மூடி. ஏமாற்றவில்லை, மூடியையும் எண்ணியிருக்கிறார்கள். விவரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. அடுத்து வந்த ஸ்டூல் பொம்மை ஸ்டூல் உயரம். இரண்டையும் திருப்பி அனுப்பினான், நாலு நாளில் பணம் வந்தது. சந்தையில் இது நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பின் அவன் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, எடையும் அங்குலமும் போட்டிருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தான். எடை போடாத பொருளை வாங்குவதில்லை என்பது இப்போது அவன் சட்டம்.

'எம்.ஆர்.பி. 1,999, உங்களுக்கு 599' என்று கோடு போட்ட விலையைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். எம்.ஆர்.பி.க்கு மேலே விற்கக் கூடாது என்பதுதான் சட்டம். அந்த எண்ணை எவ்வளவு உயரத்தில் அச்சடிப்பது என்பது தயாரிப்பாளர் கையில். கீப்பா போன்ற விலை வரலாறு காட்டும் தளத்தில் போன ஆறு மாதத்து விலையைப் பார்த்தால், திருவிழாத் தள்ளுபடி பல நேரம் சாதாரண செவ்வாய்க்கிழமை விலையாகத்தான் இருக்கும். ஆடித் தள்ளுபடிக்காவது ஒரு காரணம் இருந்தது: ஆடியில் கல்யாணம் கிடையாது, கடையில் கூட்டம் கிடையாது, தேங்கிய சரக்கைத் தள்ள வேண்டும்.

ஆனால் குக்கர் விஷயத்தில் தம்பி ஜெயித்தான். சந்தையில் 400 ரூபாய்க்கு ஐந்து லிட்டர் குக்கர் கண்ணைப் பறித்தது. கேஸ்கட்டை மாற்றிவிடலாம். ஆனால் சேஃப்டி வால்வு எந்தக் காலத்தது, மூடி எத்தனை முறை கீழே விழுந்தது என்பதைப் பார்வையால் சொல்ல முடியாது. காஸ் அடுப்பும் அப்படித்தான். உள்ளே அழுத்தமோ எரிவாயுவோ இருக்கிற பொருளைப் புதிதாக, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வாங்குங்கள். பிரஷர் குக்கருக்கான தர எண் ஐ.எஸ். 2347. ஆன்லைன் என்றாலே பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். தரச்சான்று இல்லாத குக்கர்களைத் தங்கள் தளத்தில் விற்க விட்டதற்காக அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. பெட்டியில் மட்டுமல்ல, குக்கரின் மேலேயே முத்திரை இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஃபிரிட்ஜ் சந்தைக்கும் ஆன்லைனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சாமான். அதற்கு நல்ல இடம் வேலை மாறி வீடு காலி செய்பவர்கள்தான். அடுக்குமாடி வாட்ஸ்அப் குழு, ஓ.எல்.எக்ஸ். இரண்டும் பார்த்தோம். ஓடிக்கொண்டிருக்கிற ஃபிரிட்ஜை, ஐஸ் கட்டியிருக்கிற ஃபிரிட்ஜைப் பார்த்து வாங்க வேண்டும். துடைத்து வைத்து 'நேற்றுதான் ஆஃப் செய்தேன்' என்றால் கிளம்பிவிடுங்கள். நட்சத்திர ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள், அதனால் பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்து நட்சத்திரம் அல்ல. ஸ்டிக்கரிலேயே வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று இருக்கும், அதை ஒப்பிடுங்கள். பன்னிரண்டு வருஷப் பழசு 3,000க்கு வந்தது. மின் கட்டணத்தை யோசித்து விட்டுவிட்டு, நாலு வருஷப் பழசை 8,500க்கு எடுத்தோம்.

விற்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆரை ஸ்கேன் செய்யுங்கள்' என்று எவனாவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

கரைந்து தீரும் சாமான்களில் இரண்டு கட்சியும் தோற்றது. சோப்புத் தூள், பாத்திரம் துலக்கும் திரவம், ஃபினாயில் எதையும் சந்தையில் வாங்க முடியாது. ஆன்லைனிலோ பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று மனசு நம்பிவிடுகிறது. பாக்கெட்டில் ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ, ஒரு மில்லிக்கோ லிட்டருக்கோ எவ்வளவு என்று இப்போது அச்சிட வேண்டும். அதைப் பார்த்தபோது, நாங்கள் எடுக்கவிருந்த 4 லிட்டர் கேன் லிட்டருக்கு 6 ரூபாய் அதிகம், ஒரு லிட்டர் பாக்கெட்டே மலிவு. ஷாம்பூவில் இன்னும் வேடிக்கை: பல கம்பெனிகளில் பாட்டிலைவிடச் சாஷேயில் மில்லி விலை குறைவு. ஷாம்பூவைச் சாஷேயில் போட்டு விற்ற முன்னோடி கடலூர் சின்னிகிருஷ்ணன். அந்த மண்ணின் வழக்கம் இன்னும் நமக்கு லாபம்தான். அந்தச் சரத்தைத் தெருமுனை மளிகைக் கடையில்தான் வாங்க வேண்டும், டெலிவரி கட்டணம் போட்டு வாங்கினால் லாபம் போய்விடும். ஃபினாயிலுக்குப் பாரிமுனை நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல் கடைகள் இருக்கின்றன. வேறு வேலையாகப் பாரிமுனை போனால் வாங்குங்கள், அதற்காகவே ரயில் ஏற வேண்டாம்.

படுக்கை விரிப்பு, தலையணை, துடைப்பக்கட்டை எங்கு வாங்கினாலும் ஒன்றுதான், அலையவில்லை.

கணக்கு 24,600இல் நிற்கிறது. அம்மாவின் பட்டியலில் அடிக்காமல் இருப்பது அம்மிக்கல் மட்டும். பல்லாவரத்தில் குழவியோடு 600க்குச் சொன்னார்கள், வண்டியில் இடம் இல்லை என்று விட்டுவிட்டோம். தம்பி இப்போது அதை ஆப்பில் தேடிக்கொண்டிருக்கிறான். இரண்டு மடங்கு விலை, டெலிவரி இலவசம் என்கிறான். "எடை போட்டிருக்கிறானா?" என்று கேட்டேன். போட்டிருக்கிறது: இரண்டரைக் கிலோ.