செயற்கை இடுப்பு மூட்டும் தேய்மானமும்: பத்து ஆண்டு தாண்டிய அனுபவம்

வலது இடுப்பு மூட்டை மாற்றிப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. எனக்கு வைத்திருப்பது 32 மி.மீ. செராமிக் பந்து, உலோகக் கிண்ணம், இரண்டுக்கும் நடுவே குறுக்குப் பிணைப்பு கூட்டிய பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன உள்ளுறை, அதாவது லைனர். நடப்பது, படி ஏறுவது, சைக்கிள் ஓட்டுவது என எதிலும் குறையில்லை. அறுவை முடிந்த முதல் சில மாதங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு வரும் வருடங்களைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன்.

தேய்மானம் என்றதும், மூட்டு மெலிந்து மெலிந்து ஒருநாள் உடைந்துவிடும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். ஆனால் பெரிய தொல்லை உதிரும் துகள்களால் வருகிறது. பந்து உரச உரச, லைனரிலிருந்து கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் உதிர்கின்றன. உடலின் காவல் செல்களான விழுங்கணுக்கள் அவற்றை விழுங்கிவிட்டுச் செரிக்க முடியாமல், அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கின்றன. அந்த அழற்சி எலும்பை அரிக்கும் செல்களை முடுக்கிவிடுகிறது. இறுகப் பிடித்திருந்த கிண்ணம் மெல்ல ஆடத் தொடங்குகிறது. பழைய வகைப் பாலிஎத்திலீன் ஆண்டுக்குச் சுமார் 0.1 மி.மீ. தேய்ந்தது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் அதற்குள் அடங்கும் துகள்களுக்குக் கணக்கே கிடையாது.

வழுக்கினால் போதும், தேயாது என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி 1950களின் இறுதியில் டெஃப்லான் கிண்ணத்தைத்தான் முதலில் வைத்தார். வழுவழுப்பில் அதற்கு ஈடில்லை. ஆனாலும் சில ஆண்டுகளிலேயே மோசமாகத் தேய்ந்து, துகள்கள் சுற்றியிருந்த திசுவைக் கெடுத்து, கிண்ணங்களை எடுக்க வேண்டியதாயிற்று. 1962-ல் அவர் பாலிஎத்திலீனுக்கு மாறினார். டெஃப்லான் அளவுக்கு அது வழுக்காது, ஆனால் தேய்மானத்தைத் தாங்குவதில் பல மடங்கு மேல். பிறகு 1990களின் இறுதியில் அதே பிளாஸ்டிக்கில் கதிர்வீச்சைச் செலுத்தி, மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து, அடுத்துச் சூடாக்கி நிலைப்படுத்தினார்கள். தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. என் லைனர் அந்த வகை. வைட்டமின் ஈ சேர்த்தவையும் அதற்கப்புறம் வந்தன.

பந்தை ஏன் செராமிக்கில் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்பார்கள். அது உலோகத்தைவிடக் கடினம், எளிதில் கீறல் விழாது. பந்தில் ஒரு கீறல் விழுந்தால் அது ஒவ்வோர் அடியிலும் பிளாஸ்டிக்கைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். பந்தின் அளவு தனிக் கதை. பெரிய பந்து கிண்ணத்தைவிட்டு எளிதில் நழுவாது, ஆனால் ஒரே கோணம் திரும்பினாலும் அதிக தூரம் உரசும். 32 மி.மீ. இந்த இரண்டுக்கும் நடுவில் நல்ல இடம் என்பது என் கருத்து. உலோகத்தின் மேல் உலோகம் உரசும் மூட்டுகளை நான் யோசிக்கவே இல்லை. கோபால்ட், குரோமியம் அயனிகள் ரத்தத்தில் ஏறிய சிக்கலும், 2010-ல் டெப்யூ நிறுவனம் தன் ஏஎஸ்ஆர் என்ற அவ்வகை மூட்டுகளைத் திரும்பப் பெற்றதும் எல்லோரும் அறிந்தவை.

இவ்வளவு ஆண்டுகளில் எனக்கு மிகவும் உதவியது எக்ஸ்ரேதான். படத்தில் பிளாஸ்டிக் தெரியாது. வெள்ளைக் கிண்ணத்துக்கும் வெள்ளைப் பந்துக்கும் நடுவே இருக்கும் கறுப்பு இடைவெளிதான் லைனர். தேய்ந்தால் பந்து மேல்நோக்கி நகரும். மேல் இடைவெளி ஒடுங்கி, கீழே அகலும். முதல் ஓரிரு ஆண்டுகளில் பந்து லைனருக்குள் கொஞ்சம் அமிழ்வது இயல்பு. பிளாஸ்டிக் அழுத்தத்தில் படிந்து அமர்வதால் அப்படி ஆகும், அதைத் தேய்மானக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அப்புறம் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. மருத்துவர் கணினியில் அளந்து அதையே சொன்னார்.

அன்றாடப் பழக்கத்தில் எடையைத்தான் முதலில் கவனிக்கிறேன். சாதாரணமாக நடக்கும்போதே இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு வரை சுமை ஏறும். கால் தடுக்கினால் அது எட்டு மடங்கு வரை போனதை, உணரி பொருத்திய மூட்டுகளிலேயே அளந்திருக்கிறார்கள். அதனால் ஓட்டத்தை விட்டுவிட்டேன். நடையைக் குறைக்கவில்லை, குறைக்கவும் கூடாது. தசை பலவீனமானால் மூட்டுக்குத்தான் கேடு.

வலி இல்லையே என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களிடம் அழுத்திச் சொல்கிறேன்: எலும்பு கரைவது நெடுநாள் வலிக்காது. கிண்ணம் உறுதியாக இருக்கும்போதே கண்டுபிடித்தால், பெரும்பாலும் லைனரையும் பந்தையும் மட்டும் மாற்றினால் போதும். ஆடிய பிறகு போனால் கிண்ணத்தையும் எடுத்து, கரைந்த இடத்தை நிரப்ப எலும்பு ஒட்டு வைக்கவும் தேவைப்படலாம். அறுவையின்போது தரும் அட்டையில் பாகங்களின் வகை, அளவு, தொகுதி எண் எல்லாம் இருக்கும். அதைப் படமெடுத்து வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். லைனரை மாற்றும் நாளில், உள்ளே இருக்கும் கிண்ணத்துக்குப் பொருந்துவது எது என்று மருத்துவர் அதைப் பார்த்துத்தான் வரவழைப்பார்.