மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாங்கிய கெட்டித்தாள் நோட்டு

சாமி படம், இலை, வேண்டுதல் எல்லாம் ஒரே பக்கத்தில் ஒட்டி எழுதுகிறவர்கள் கடைத்தெரு எழுதுபொருள் கடையில் கிடைக்கும் இந்த 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் கனமுள்ள தாள்) நோட்டைத் தாராளமாக வாங்கலாம். பழைய காலண்டர் முருகனைக் கத்தரித்து ஒட்டி, சுற்றிலும் மூன்று மூன்றாக விரியும் பால்மர (ரப்பர் மர) இலைகளை வைத்து, ஓரத்தில் மையால் எழுதியும் தாள் நெளியவில்லை, மையும் பின்பக்கம் ஊறவில்லை.

முதுகுதான் சொதப்பல். நோட்டு தடித்ததும் தையல் விடுகிறது, சுருள் கம்பி போட்டிருந்தால் தேவலை.

கடைக்கார அக்கா மாவுப்பசை போதும் என்பார், கேட்காதீர்கள், நம்ம ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளைப் பசையே வாங்குங்கள். அப்புறம், இலையைப் பழைய நாளிதழுக்குள் அழுத்திக் காயவைத்த பிறகே ஒட்டுங்கள், பச்சையாக ஒட்டினால் பக்கம் கறுத்துவிடும். நோட்டு விலை கொஞ்சம் கூடத்தான்.