ஸ்டிக்கில் ஆட்டம்: போல்ட்டை மாற்றுவதா, புஷ் போடுவதா, ராடு எண்டையே மாற்றுவதா?

ஒருவர் விமானத்தின் ஸ்டிக்கை, அதாவது விமானி பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோலை, அசையாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் வெளியே நின்று, இறக்கையின் பின்பக்கம் அசையும் பலகையான ஏலெரானின் பின்விளிம்பை இரண்டு விரலால் மேலும் கீழும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். வீட்டு கொட்டகையில் கட்டி, சில நூறு மணி நேரம் பறந்த விமானம் என்றால், பெரும்பாலும் 'டக், டக்' என்று ஒரு ஆட்டம் கைக்குத் தெரியும்.

2 மி.மீ., 3 மி.மீ. தானே என்று விட்டுவிடக் கூடாது. வேகம் கூடும்போது ஏலெரானோ வாலில் உள்ள எலிவேட்டரோ தானாக அதிரத் தொடங்கி, சில நொடிகளில் பிய்த்துக்கொண்டு போகும் ஃபிளட்டர் என்ற ஆபத்து உண்டு. அதைத் தடுக்கும் முதல் காவல் கீலுக்கு முன்பக்கம் வைக்கும் சமன் எடைதான். ஆனால் ஆட்டம் கூடக் கூட அந்தக் காவல் பலவீனமாகிறது.

இந்த 3 மி.மீ. எங்கிருந்து வருகிறது? ஸ்டிக்கிலிருந்து ஏலெரான் வரை 5 இணைப்புகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 0.1 மி.மீ. இடைவெளி. மொத்தம் அரை மி.மீ. ஏலெரானைத் தள்ளி இழுக்கும் கையான ஹார்னின் நீளம் 50 மி.மீ., கீலிலிருந்து பின்விளிம்பு 300 மி.மீ. என்றால் அந்த அரை மி.மீ. ஆறு மடங்காகி 3 மி.மீ. ஆகிவிடுகிறது. எந்த இணைப்பைத் தனியாகப் பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாது.

அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன், ஒவ்வொரு இணைப்பின் மீதும் விரல் நுனியை வைத்து, பாதி விரல் போல்ட் தலையிலும் பாதி ராடு எண்டிலும் (கோலின் நுனியில் குண்டு பொருத்திய இணைப்பு) படும்படி பிடித்துக்கொண்டு, இன்னொருவரை ஆட்டச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். அலுமினியத்தைச் சுற்றிக் கருப்புப் பொடி, இரும்பைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடி இருந்தால் அங்கே உரசல் நடக்கிறது என்று அர்த்தம்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது போல்ட்டை மாற்றுவது. சாதாரண ஏஎன்3 போல்ட்டின் தண்டு 0.186 முதல் 0.189 அங்குலம் வரை இருக்கலாம். தலையில் முக்கோணக் குறி போட்ட ஏஎன்173 போல்ட் 0.1889 முதல் 0.1894-க்குள் வந்துவிடும். துளை இன்னும் வட்டமாக இருந்தால் இதைவிட எளிய வழி கிடையாது, பத்து நிமிட வேலை. துளையே முட்டை வடிவமாகிவிட்டது என்றால் பயன் இல்லை.

அப்படிப்பட்ட துளையைப் பெரிதாக்கி அடுத்த அளவு போல்ட் போடலாம் என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. துளை மையத்திலிருந்து தகட்டின் விளிம்பு வரை போல்ட் விட்டத்தைப்போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். 3/16 அங்குலத்துக்கு 3/8 போதும்; கால் அங்குல போல்ட்டுக்கு அரை அங்குலம் வேண்டும். பெரும்பாலான ஹார்ன்களில் அந்த இடம் இருக்காது. அங்கே புது ஹார்ன் செய்வதுதான் சரி.

ஸ்டிக்கின் அடிப்பகுதி, பெல்கிராங்க் (அசைவின் திசையை மாற்றும் நெம்புகோல்) மையம் போன்ற சுழலும் இடங்களுக்கு என் ஓட்டு புஷ்ஷுக்கு, அதாவது துளைக்குள் பொருத்தும் சிறு குழாய்க்குத்தான். துளையை டிரில்லால் விட்டுவிடாமல் துல்லிய வட்டமாக்கும் ரீமரால் முடித்து, வெண்கல புஷ் போட வேண்டும். டிரில் போட்ட துளை சுத்தமான வட்டமாக இருக்காது. இதில் பலர் தவறவிடுவது நீளத்தை. வீட்டில் கட்டும் ஆர்வி வகை விமானங்களில் ஸ்டிக்கின் அடியில் வரும் வெண்கல புஷ், அதன்மேல் சுழலும் இரும்புக் குழாயைவிட ஒரு முடி அளவு நீளமாக இருக்க வேண்டும். அப்போதுதான் நட்டை முறுக்கும்போது இருபுறமும் உள்ள தகடுகளான காதுகள் புஷ்ஷை இறுக்கிப் பிடிக்கும், குழாய் மட்டும் தனியாகச் சுழலும். புஷ் குட்டையாகிவிட்டால் நட்டு குழாயையே நெரிக்கும், ஸ்டிக் இறுகும். அதைத் தளர்த்த நட்டை லூசாக விட்டால், போல்ட்டே காதுகளின் துளைக்குள் சுழன்று அவற்றைத் தின்னத் தொடங்கும். முதலில் ஆட்டம் வந்ததே பெரும்பாலும் இப்படித்தான். தேய்மானம் எப்போதும் மாற்றக்கூடிய சிறு பாகத்தில் நடக்க வேண்டும், வெல்டு செய்த பாகத்தில் அல்ல.

ராடு எண்டின் குண்டு அதன் கூட்டுக்குள் ஆடினால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். (இரண்டாம் உலகப் போரில் வீழ்ந்த ஜெர்மானிய விமானங்களை ஆராய்ந்த பிரிட்டிஷார் வழியாகப் பரவியது இது. தயாரித்த நிறுவனங்களின் பெயரால் பிரிட்டனில் ரோஸ் ஜாயின்ட், அமெரிக்காவில் ஹைம் ஜாயின்ட்.) உலோகத்தோடு உலோகம் உரசும் வகை லேசாகச் சுழலும், கிரீஸ் கேட்கும். டெஃப்லான் உறை போட்டது ஆட்டமே இல்லாமல் வரும், எண்ணெய் கூடாது, ஆனால் புதிதில் சற்று இறுக்கமாக இருக்கும். கையில் லேசான ஸ்டிக் வேண்டுபவர்களுக்கு அது உறுத்தும். எதைப் போட்டாலும் வெளிப்பக்கம் ஒரு அகலமான வாஷர் போடுங்கள். குண்டு கழன்றாலும் கோல் போல்ட்டை விட்டு வெளியே வராது.

முறுக்கு விசையைக் கடத்தும் டார்க் குழாய் இணைப்புகளில் நேர் போல்ட்டைவிட 1:48 சரிவு கொண்ட டேப்பர் பின் மேல். உள்ளே போகப் போக இறுகும், ஆட்டம் வர இடமில்லை. ரீமர் வேலை நிதானமாக நடக்க வேண்டும்.

நட்டை இன்னும் இறுக்குவது, இடுக்கில் எபாக்சி ஊற்றுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். இறுக்கினால் காதுகள் வளைந்து விரிசல் விடும்.

போல்ட்டோ நட்டோ சுழல வாய்ப்புள்ள இணைப்பில் நைலான் பூட்டு நட்டை மட்டும் நம்பாமல் பள்ளம் வெட்டிய காசில் நட்டும், அது கழலாமல் நுழைக்கும் ஸ்ப்ளிட் பின்னும் போடுங்கள். புது ராடு எண்டை முறுக்கும்போது பழைய சுற்றுகளை எண்ணி வைத்திருங்கள்: அங்குலத்துக்கு 32 மரை என்றால் ஒரு சுற்று 0.8 மி.மீ., பின்விளிம்பில் கிட்டத்தட்ட 5 மி.மீ. அப்புறம் ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்து, இடது ஏலெரான் மேலே போகிறதா என்று இன்னொருவரை வெளியே நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.