மூன்று ஆண்டுகள், ஒரு டவர் கூலர், நான்கு பிளாஸ்டிக் பின்கள்

பர்கூரில் பொறியியல் படிக்கும் அக்காள் மகன், தானே முதன்முறையாக ஒரு கணினியை அசெம்பிள் செய்யப் போவதாகவும், என்னிடம் இருக்கும் அதே டவர் கூலரின் (பிராசசரைக் குளிர்விக்கும், கோபுரம் போன்ற உலோகப் பொருள்) விலை இப்போது நானூறு ரூபாய் இறங்கியிருப்பதாகவும் சொல்லி, “மாமா, அதையே நானும் வாங்கட்டுமா?” என்று போன வாரம் கேட்டான். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மூன்று ஆண்டுகளாக என் மேசைக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும் பொருள் அது. அதைப் பற்றி மனதாரச் சொல்ல நல்லது நிறைய இருக்கிறது. இன்றும் நினைத்தால் கோபம் வருகிற ஒன்றும் இருக்கிறது.

கிருஷ்ணகிரியில் கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். 2022 டிசம்பரில் நானே அசெம்பிள் செய்த முதல் கணினி இது. பிராசசர் இன்டெல் கோர் ஐ5 12400. பிராசசர் பெட்டியோடு வரும் சிறிய கூலரே அதற்குப் போதும். ஆனால் இரவில், எடிட் செய்த வீடியோவை முழுக் கோப்பாக மாற்றும் எக்ஸ்போர்ட்டைப் போட்டுவிட்டு அதே அறையில் படுப்பவனுக்கு அந்தச் சிறிய ஃபேனின் இரைச்சல் தூக்கத்தைக் கெடுத்துவிடும். வெப்பத்தைக் கடத்தும் நான்கு ஹீட் பைப்புகளும் 120 மில்லிமீட்டர் ஃபேனும் கொண்ட இந்தக் கூலரை அதற்காகவே வாங்கினேன், அந்த ஒரு விஷயத்தில் இது எனக்குக் குறையே வைக்கவில்லை. பெங்களூரு நண்பர்கள் சொல்லும் வெப்ப அளவுகளை நம் ஊரில் எதிர்பார்க்கக் கூடாது. அறையின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் பிராசசரின் வெப்பமும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும், ஓசூர் மேட்டில் இருக்கும் குளிர்ச்சி கிருஷ்ணகிரிக்கு இறங்கி வருவதும் இல்லை. அப்படியிருந்தும், சித்திரையில் அறைக்குள்ளேயே 36 டிகிரி இருந்த நாள்களில், எக்ஸ்போர்ட் முழுவதும் 74 டிகிரிக்கு மேல் போகாமல் இது பிராசசரைக் காத்தது. மேசை விசிறியின் சத்தத்துக்கு மேல் இதன் சத்தம் கேட்டதே இல்லை. சாலையோர வீடு என்பதால் மாதம் ஒருமுறை கூலரின் தகடுகளுக்கு இடையே மெல்லிய தூசி படியும். ஃபேன் இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

கோபமெல்லாம் அந்த நான்கு பின்களின் மேல்தான்.

அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள ஓர் உலோகக் கோபுரத்தை, பிராசசர் பொருத்தப்படும் பலகையான மதர்போர்டோடு பிடித்துவைக்க, இதைச் செய்தவர்கள் கொடுத்திருப்பது பிளாஸ்டிக் புஷ் பின்கள். ஒவ்வொன்றிலும் இரண்டாகப் பிளந்த ஒரு வெள்ளைக் கால் இருக்கும். அது மதர்போர்டின் துளை வழியே மறுபக்கம் போனதும், மேலிருந்து அழுத்தும் கறுப்புத் தண்டு அந்தப் பிளவுக்குள் இறங்கி இரு பாதிகளையும் விரித்து நிறுத்த வேண்டும். கையளவு சிறிய, எடை குறைந்த கூலருக்கு இந்த ஏற்பாடு சரி. கணினியின் வெளிக்கூடான கேபினட்டை நிமிர்த்தி வைக்கும்போது டவர் கூலர் சுவரில் அடித்த அலமாரியைப் போலப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் எடை முழுவதும் மேல்பக்கத்து இரண்டு பின்களைத்தான் வெளியே இழுக்கிறது. இந்த எளிய கணக்கைப் போடாமல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் இவ்வளவு நல்ல உலோகப் பகுதியை, அதாவது ஹீட்சிங்கை, எப்படி விற்பனைக்கு அனுப்பினார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

முதல் இரவே அது தன் குணத்தைக் காட்டியது. மதர்போர்டைக் கேபினட்டுக்குள் திருகிய பிறகு கூலரை மாட்டினேன். நான்கு முறை ‘டிக்’ என்று கேட்டது போலத்தான் இருந்தது. கணினியின் தொடக்க அமைப்புத் திரையான பயோஸில், வேலை எதுவும் கொடுக்காமலேயே வெப்பம் 50, 62, 78 என்று ஏறி, சில நிமிடங்களில் 90ஐத் தாண்டியது. அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சோதித்தேன். அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை முன்பே உரித்திருந்தேன். ஃபேன் வயர் அதற்குரிய நான்கு முனை இணைப்பில்தான் இருந்தது, ஃபேனும் சுழன்றது. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் குறைவோ என்று துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதிகமோ என்று இன்னொரு முறை துடைத்தேன். கொடுத்திருந்த சிறு டியூப் தீர்ந்துவிட்டது.

உண்மையைச் சொன்னது கை. திரையில் 92 டிகிரி இருக்கும்போது ஹீட்சிங்கின் அடிப்பகுதியில், ஹீட் பைப்புகள் வளையும் இடத்தில் விரலை வைத்தேன்; காலையில் குடத்தைத் தொட்டது போலச் சில்லென்று இருந்தது. பிராசசர் கொதிக்கிறது, அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் உலோகத்துக்குச் செய்தியே போகவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்: ஹீட்சிங்கும் சேர்ந்து சுட்டால் காற்றோட்டத்தைப் பாருங்கள், பிராசசர் மட்டும் சுட்டு ஹீட்சிங்க் குளிர்ந்திருந்தால் ஃபேனையும் பேஸ்ட்டையும் விட்டுவிட்டு, அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிப் பார்த்தபோது பேஸ்ட் ஒரு மூலையில் கண்ணாடித்தாள் போல மெலிந்தும், எதிர் மூலையில் வைத்த கனம் குறையாமலும் கிடந்தது. அந்த மூலைப் பின்னின் வெள்ளைக் கால்களில் ஒன்று துளைக்குள் போகாமல் விளிம்பிலேயே மடங்கியிருந்தது. மதர்போர்டை வெளியே எடுத்து, எதிரெதிர் மூலைகளாக அழுத்தி, பின்பக்கம் திருப்பி, நான்கு இடத்திலும் வெள்ளைக் கால்களுக்கு நடுவே கறுப்பு முனை தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே திரும்பப் பொருத்தினேன். வெப்பம் 38 டிகிரியில் நின்றது. அப்போது அடைந்த மகிழ்ச்சிக்கு ஈடாக இந்தத் தொழிலில் எனக்கு அதிகம் கிடைத்ததில்லை.

2024இல் வீடு மாறினோம். கேபினட்டை நிமிர்த்தியபடியே ஆட்டோவில் ஏற்றிச் சென்றதில் மேல் இடது பின் தளர்ந்துவிட்டது. வண்டியில் கொண்டு போகும்போது, மதர்போர்டு தரைக்குச் சமமாக இருக்கும்படி கேபினட்டைப் படுக்கவைத்தால் கூலரின் எடை போர்டை இழுக்காது என்பதை அப்போது நான் அறியவில்லை. மறுபடி அழுத்தினேன், பிடித்துக்கொண்டது.

இந்த ஆண்டு ஆவணி முகூர்த்த நெருக்கடியில், காலையில் கொடுத்தாக வேண்டிய வீடியோ ஓடிக்கொண்டிருந்தபோது, அதே பின் முறிந்தது. நான்கு கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய பிராசசர் 100 டிகிரியைத் தொட்டு, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனது. கேபினட்டைப் படுக்கவைத்து, கூலர் தன் எடையாலேயே பிராசசர் மேல் அழுந்தும்படி விட்டு, விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து அந்த எக்ஸ்போர்ட்டை முடித்தேன்.

பிறகு பின்களை ஒழித்துவிட்டு, மதர்போர்டுக்கு அடியில் வைக்கும் உலோகத் தகடும் ஸ்க்ரூக்களும் தேடி, கணினிப் பாகங்கள் விற்கும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் கொடுத்ததை வீட்டில் வைத்துப் பார்த்தால், ஸ்க்ரூ ஒன்றுகூடத் துளைக்கு நேராக வரவில்லை. 2009 முதல் எல்.ஜி.ஏ 1200 வரை வந்த இன்டெல்லின் வழக்கமான மேசைக் கணினி சாக்கெட்டுகளில் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) துளைக்குத் துளை 75 மில்லிமீட்டர். என் பிராசசருக்குரிய, 2021இல் வந்த எல்.ஜி.ஏ 1700இல் அது 78 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காக மீண்டும் ஒரு நாள் பஸ் பயணம். இரண்டு அளவுக்கும் பொருந்தும் நீள்துளைத் தகடு ஒன்று 250 ரூபாய்க்குக் கிடைத்தது. கேபினட்டின் பின்புறத் திறப்பு பெரிதாக இருந்ததால் மதர்போர்டைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இரண்டு சுற்று வீதம், எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி இறுக்கினேன். அதே ஹீட்சிங்க், அதே பேஸ்ட். எக்ஸ்போர்ட்டின்போது முன்பைவிட ஐந்து டிகிரி குறைவு. அப்படியானால் நன்றாக ஓடிய நாள்களிலும் அந்தப் பின்கள் முழு அழுத்தத்தைக் கொடுக்கவே இல்லை என்று புரிந்தபோது, ஆறியிருந்த கோபம் திரும்ப வந்தது.

நான் இதை மாற்றப் போவதில்லை. இந்த விலையில் இவ்வளவு அமைதியான கூலரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அக்காள் மகனுக்கு நேற்று இரவு எழுதிய பதில் வேறு: “வேண்டாம் மாப்பிள்ளை. நானூறு ரூபாய் குறைந்தாலும் வேண்டாம். பெட்டியோடு வருகிற சின்ன கூலரோடு ஆரம்பி. பின்னால் பெரியது வாங்கினால், பின்பக்கத் தகடும் ஸ்க்ரூவும் பெட்டியிலேயே இருக்கிறதா, 1700 என்று அதில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கு.” ஞாயிற்றுக்கிழமை மதர்போர்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்குக் காட்டுவதற்காக முறிந்த அந்தப் பின்னை மேசை டிராயரில் எடுத்து வைத்திருக்கிறேன். வெள்ளைக் காலில் ஒரு பாதி மட்டும்தான் அதில் மிச்சம்.