சாந்துக்கு வயது பார்ப்பது: கார்பனா, மணலா?

தேவகோட்டையிலிருந்து திருவாடானை போகும் பக்கம் உள்ளடங்கிய ஒரு கிராமத்தில் சின்னதாக ஒரு மாதா கோயில். நாற்பது பேர் முழங்காலிட்டால் நிறைந்துவிடும். ஊர்ப் பெரியவர்கள் அதை அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ என்ற போர்ச்சுக்கல் நாட்டுக் குரு) காலத்துக் கட்டடம் என்கிறார்கள். அதாவது 1693-இல் ஓரியூரில் அவர் தலை வெட்டப்படுவதற்கு முன்னால் கட்டியது. ஊரிலேயே இன்னொரு கட்சி, 1830 வாக்கில் கட்டியிருப்பார்கள் என்கிறது. கல்வெட்டு இல்லை, ஓலை இல்லை. இருப்பது மூன்றடிச் சுவரும் அதைப் பிடித்து வைத்திருக்கும் சுண்ணாம்புச் சாந்தும்தான்.

"கீழடியில கரியை அமெரிக்காவுக்கு அனுப்பிப் பார்த்தாங்கள்ல, அதே மாதிரி நம்ம சுவரையும் அனுப்பினா என்ன தம்பி?" என்றார் உபதேசியார். அனுப்பலாம். ஆனால் இந்தக் கோயிலுக்குக் கார்பன் சோதனை பணத்துக்குப் பிடித்த கேடு என்பது என் கருத்து.

யோசனை என்னவோ அழகானதுதான். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சூளையில் சுட்டால் உள்ளேயிருந்த பழைய கார்பன், வாயுவாகப் போய்விடுகிறது. நீற்றிய சுண்ணாம்பை மணலோடு குழைத்துச் சுவரில் வைத்ததும், இறுகுவதற்காக அது காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொள்கிறது. அன்றைய காற்றின் கார்பன்-14, அதாவது தானாகவே சிதைந்து குறைந்துகொண்டே வரும் ஒரு வகைக் கார்பன், அதோடு உள்ளே சிக்கிக்கொள்ளும். அது பாதியாகக் குறைய ஆகும் காலம், அதாவது அரை ஆயுள், 5,730 ஆண்டு. மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் வயது வரவேண்டும். செங்கல்லைப் பெயர்த்து இன்னொரு கட்டடத்தில் வைக்கலாம், உத்திரத்தையும் கழற்றி மாட்டலாம். இறுகிய சாந்தை அப்படித் திரும்பப் பூச முடியாது. அதனால் சாந்தின் வயதுதான் கட்டிய நாளின் வயது. பின்லாந்தின் ஓலாந்து தீவுகளில் இடைக்காலக் கற்கோயில்களுக்கு இப்படித்தான் காலம் கணித்தார்கள்.

வில்லங்கம் இனிமேல்தான். சரியாக வேகாத கிளிஞ்சல் துண்டு கலந்திருந்தால் கட்டடம் கிழடாகத் தெரியும். சுவர் தடிமனாக இருந்தால் நடுவில் இருக்கும் சாந்து இறுகப் பல வருடம் ஆகும். அது இளசாகத் தெரியும். மழை ஒழுகி, சுண்ணாம்பு கரைந்து மறுபடி படிந்த இடம் என்றால் சொல்லவே வேண்டாம். ஆய்வகக்காரர்கள் அமிலத்தில் சிறிது சிறிதாகக் கரைத்து, முதலில் கிளம்பும் வாயுவை மட்டும் பிடித்து இதை ஓரளவு சமாளிக்கிறார்கள். நம் ஊர்ச் சாந்தில் கடுக்காயும் வெல்லமும் வேறு இருக்கும். அவை அந்தந்த ஆண்டு விளைந்தவை, தனியாகப் பிரிக்க முடிந்தால் நல்ல சாட்சி.

இதையெல்லாம் தாண்டினாலும் ஒரு சுவர் குறுக்கே நிற்கிறது. 1650-க்கும் 1950-க்கும் இடையில் காற்றிலிருந்த கார்பன்-14 ஒரே சீராக இல்லை. 1645 முதல் 1715 வரை சூரியன் சோம்பிக் கிடந்தது. அதனால் அண்டக் கதிர் அதிகம் வந்து கார்பன்-14-ஐக் கூட்டியது. பிற்பாடு கார்பன்-14 இல்லாத நிலக்கரிப் புகை அதை நீர்த்துப்போகச் செய்தது. விளைவு, 1690-இல் குழைத்த சாந்தும் 1830-இல் குழைத்த சாந்தும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டும். நம் ஊர்ச் சண்டையின் இரண்டு கட்சிக்கும் ஆய்வகம் 'சரி' என்று எழுதிக் கொடுத்துவிடும்! கீழடியில் பேச்சு 2,600 ஆண்டுகளைப் பற்றியது. அங்கே பத்தோ முப்பதோ முன்பின் இருந்தாலும் கதை மாறாது.

அப்புறம் மணல். ஓ.எஸ்.எல். என்கிற ஒளிர்வு முறையில் சுண்ணாம்பை விட்டுவிட்டு, அதில் கலந்த குவார்ட்ஸ் மணலைக் கேட்கிறார்கள். வெயில் பட்டால் மணல் மணி அதுவரை சேர்த்து வைத்திருந்த கதிர்வீச்சுக் கணக்கு அழிந்துவிடும். சாந்துக்குள் போய் இருட்டில் அடைந்தபின், சுற்றியுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தின் கதிர்வீச்சை அது சேர்த்துக்கொண்டே வரும். ஆய்வகத்தில் ஒளி பாய்ச்சினால் சேர்த்ததை ஒளியாகக் கக்கும். பிழை 5 முதல் 10 விழுக்காடு. 330 ஆண்டுச் சுவருக்கு அதிகம் போனால் 33 ஆண்டு, 195 ஆண்டுச் சுவருக்கு 20 ஆண்டு. இரண்டு கட்சிக்கும் நடுவே கிடப்பது 140 ஆண்டு. தீர்ப்புச் சொல்ல இது போதும்.

மணல் வெயில் பார்த்ததா என்பதுதான் இதில் உள்ள ஒரே பயம். காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்பு வேலை பார்க்கும் கொத்தனார் ஒருவரிடம் கேட்டேன். "ஆத்து மணலை விரிச்சுக் காயப்போட்டு, சலிச்சு, அப்புறந்தான் செக்குல போடுவோம் தம்பி. ஈரத்தோட போட்டா மாடு திணறும்" என்றார். நிழலில் குழைத்திருந்தாலும் ஒவ்வொரு மணியாக அளந்து, வெயிலில் பழைய கணக்கு சரியாக அழியாததை ஒதுக்கும் வழி இருக்கிறது. ஈரச் சுவர் கணக்கைக் கொஞ்சம் கெடுக்கும், அதையும் அளந்து சரிசெய்வார்கள்.

செங்கல்லையும் ஒளிர்வு முறையில் பார்க்கலாம், ஆனால் வருவது சூளையின் தேதி. இடிந்த சத்திரத்துக் கல்லை எடுத்து வந்து கட்டியிருந்தால் நாம் ஏமாந்தோம். உத்திரம் இன்னும் மோசம்: மரம் வெட்டிய ஆண்டு வேறு, ஏற்றிய ஆண்டு வேறு, செதுக்கித் தள்ளிய வெளி வளையங்களோடு கடைசி ஆண்டுகளும் போய்விடும். கார்பனுக்கு இந்தக் கோயிலில் ஒரே ஒரு வேலை கொடுப்பேன். 1950-களின் அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பிறகு காற்றில் கார்பன்-14 எகிறியது. அதை வைத்துப் பிற்காலச் சுண்ணாம்புப் பூச்சு எது என்று கண்டுபிடித்து ஒதுக்கலாம்.

என் தேர்வு மணல்தான். பீடத்துக்குப் பின்சுவரில், வருடா வருடம் திருவிழாவுக்கு அடிக்கும் வெள்ளைக்குக் கீழே, மழை எட்டாத இடமாகப் பார்த்து இரண்டு துளை. இருட்டில், சிவப்பு விளக்கு வைத்து எடுக்க வேண்டும். பகல் வெளிச்சம் பட்ட மேல்பகுதியை ஆய்வகத்திலேயே சீவி எறிந்துவிடுவார்கள். உபதேசியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"ஓட்டையை எதை வச்சு அடைப்பீங்க?"

"சுண்ணாம்புதான் ஐயா. சிமென்ட் இல்லை."

"அப்ப சரி. திருவிழா முடியட்டும்."